நெஞ்சில் கட்டிய நாற்பது வெள்ளி

என் அப்பா 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். எனக்கு இப்போது 41 வயது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. என் மனைவி பார்ப்பார். அதனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாகச் சாங்கி வரை போய்வரப் போகிறேன் என்று நான் சொன்னதும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஹார்ட் ரேட் காட்டுற ஏதாவது ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் போங்க. இல்லன்னா வேணாம்.”

நியாயமான நிபந்தனைதான். ஆனால் கடைக்குப் போனால் அந்த ‘ஏதாவது ஒண்ணு’ சில பத்து வெள்ளியில் தொடங்கி ஆயிரம் வெள்ளியைத் தாண்டிப் போகிறது. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் போக, இதற்கு நான் ஒதுக்கியது 50 வெள்ளி. அந்தத் தொகைக்குள் நம்பத்தகுந்த கருவி கிடைக்குமா என்று தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். என்னைப் போல நாற்பதை ஒட்டிய வயதில் மிதிவண்டி ஏறும் நண்பர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கருவி வாங்குவதற்கு முன் குடும்ப மருத்துவரைப் பார்த்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு, டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் இசிஜி சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இதயத் துடிப்புக் கருவி வாங்கப் போவதாகச் சொன்னதும் சிரித்தார். “வாங்குங்கள். நீங்கள் எவ்வளவு சிரமப்பட்டு மிதிக்கிறீர்கள் என்று அது சொல்லும். இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்லாது” என்றார்.

கருவியில் மிச்சம் பிடிக்கும் பணம் அந்தச் சோதனைக்குப் போகட்டும் என்று அன்றே முடிவு செய்தேன். நம் இந்தியச் சமூகத்தில் இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. 40 வயதைத் தாண்டியவர்களுக்காக 2023ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த சிங்கப்பூரர்கள், பரிந்துரைக்கப்பட்ட அடிப்படைப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். கடைக்குப் போகும் முன் அங்கே போவது நல்லது.

இனி கருவிக்கு வருவோம். மூன்று வகை இருக்கின்றன. முதலாவது, கைக்கடிகாரம். அதன் அடியில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் போய், ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்த ஓட்டம் கூடிக் குறைவதை வைத்துக் கருவி எண்ணிக்கையைக் கணிக்கிறது. இரண்டாவது, கைப்பட்டை. அதே பச்சை விளக்குதான். ஆனால் மணிக்கட்டில் கட்டாமல், சதைப்பற்றுள்ள முன்கையிலோ மேல்கையிலோ கட்டுவார்கள். மூன்றாவது, மார்புப் பட்டை. இது ஒளியை நம்புவதில்லை. இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின் சமிக்ஞையை, மருத்துவமனை இசிஜியைப் போல, நெஞ்சின் மேலிருந்தே பிடிக்கிறது.

மார்புப் பட்டை புதிய கண்டுபிடிப்பு அல்ல. பின்லாந்தில் 1977ல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், கம்பியில்லாமல் உடலில் அணியும் இதயத் துடிப்புக் கருவியை 1982லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த தொழில்நுட்பம் என்பதால்தான் இன்று பல நிறுவனங்களால் அதை மலிவாகச் செய்ய முடிகிறது. விலை உயர்ந்த பட்டைகளில் துணி மென்மையாக இருக்கும், நினைவகம் இருக்கும், வேறு சில வசதிகளும் இருக்கும். துடிப்பை எண்ணும் அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். நான் இணையத்தில் வாங்கிய பட்டையின் விலை நாற்பது வெள்ளி.

மிதிவண்டி ஓட்டுபவருக்கு மணிக்கட்டு வசதியான இடம் அல்ல. கைப்பிடியை இறுகப் பிடிக்கிறோம், மணிக்கட்டு வளைகிறது, பாதையின் அதிர்வு நேராகக் கைக்கு ஏறுகிறது. கடிகாரம் சற்று நகர்ந்தாலும் ஒளி சிதறிவிடும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் இன்னும் சிரமம். நண்பரின் விலை உயர்ந்த கைக்கடிகாரத்தை ஒரு நாள் இரவல் வாங்கி, மார்பில் என் பட்டையையும் கட்டிக்கொண்டு மவுண்ட் ஃபேபர் மேட்டில் ஏறிப் பார்த்தேன். பட்டை 156 என்று காட்டியபோது கடிகாரம் 118ல் நின்றது. மேட்டின் உச்சியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அது எட்டிப் பிடித்தது. சமதளத்தில் ஒரே வேகத்தில் போனபோது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டின. நடைப்பயிற்சிக்கும் அன்றாடப் பயன்பாட்டுக்கும் கடிகாரம் போதும். திடீரென வேகம் கூடும் இடத்தில்தான் அது பின்தங்குகிறது. மார்பில் பட்டை கட்டுவது பிடிக்காதவர்களுக்குக் கைப்பட்டை நல்ல நடுவழி.

செலவே செய்ய வேண்டாம் என்பவர்கள் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் தொடங்கிய நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் வழியாக இலவசக் கைப்பட்டைகள் பல வீடுகளுக்கு வந்தன. பின்னாளில் வந்தவற்றில் இதயத் துடிப்பை அளப்பவையும் உண்டு. எங்கள் வீட்டில் கிடந்த ஒன்றை இப்போது அம்மா நடக்கும்போது கட்டிக்கொள்கிறார்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில. புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் உண்டா? கைப்பேசிச் செயலிக்குப் புளூடூத் வேண்டும். மிதிவண்டியில் பொருத்தும் சிறிய கணினிகள் பலவற்றுக்கு ஆன்ட் பிளஸ் உதவும். இரண்டும் இருந்தால் பின்னாளில் எதை வாங்கினாலும் இணைத்துக்கொள்ளலாம். மின்கலம் என்ன வகை? என் பட்டையில் இருப்பது சிஆர்2032 என்ற வட்ட மின்கலம். அக்கம்பக்கக் கடையிலேயே கிடைக்கும். பட்டையை மட்டும் தனியாக வாங்க முடியுமா? நம் ஊர் வியர்வையில் முதலில் வீணாவது துணிதான், கருவி அல்ல.

அந்த வியர்வையால் ஒரு நன்மையும் உண்டு. ஈரம் இருந்தால்தான் பட்டை மின் சமிக்ஞையைச் சரியாகப் பிடிக்கும். குளிர் நாட்டில் வியர்க்கும்வரை தாறுமாறாக எண் காட்டும் என்பார்கள். இங்கே கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள் ஈரமாகிவிடுகிறது. ஆனாலும் கட்டும் முன் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவுவேன். வீட்டுக்கு வந்ததும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றிவிட்டு, பட்டையை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவேன். கழற்றாமல் விட்டால் மின்கலம் வீணாகத் தீரும்.

எண் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? 220லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு 179. வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிப்பது 2001ல் வந்த கணக்கு. 40 வயதில் இரண்டும் ஒரே விடையைத் தரும். 60 வயதில் முன்னது 160 என்றும் பின்னது 166 என்றும் சொல்லும். இரண்டுமே சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். அந்த அதிகபட்சத்தில் 50 முதல் 70 விழுக்காடு வரை மிதமான பயிற்சி, 70 முதல் 85 வரை கடுமையான பயிற்சி. என் கணக்கில் மிதமான பயிற்சியின் எல்லை 125.

இந்த 125தான் நான் மிதிவண்டி ஓட்டும் விதத்தை மாற்றியது. சாங்கியில் விமான ஓடுபாதையை ஒட்டிய நேர்ப்பாதையில் இளைஞர்கள் முந்திப்போகும்போது கால் தானாகவே வேகமெடுக்கும். எண் 140ஐத் தாண்டும். வாரத்தில் ஒரு நாள் அதற்கு இடம் கொடுக்கிறேன். மற்ற நாள்களில் 125ஐ நெருங்கினால் பல்லைக் குறைத்து மெதுவாக மிதிக்கிறேன். பூங்கா இணைப்புப் பாதையில் சட்டமே மணிக்கு 25 கிலோமீட்டர்தான் அனுமதிக்கிறது. நமக்கும் அது நல்லது. வெயில் ஏறிய பிறகு அதே வேகத்தில் போனாலும் எண் மெல்ல ஏறும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. அப்போது நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.

சென்ற மாதம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். வயது 58. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடு மாப்ளே” என்றார். அந்த மாத்திரை துடிப்பையே குறைத்துவிடும், அதனால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். அவருக்கான எல்லையை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ வந்தால் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எண் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சரி, வண்டியை நிறுத்திவிட்டு 995ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த வாரம் மச்சானுக்கு மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்திருக்கிறோம். நானும் கூடப் போகிறேன். பட்டை வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.