குட்டி யானையின் முன்சக்கரம்

திருப்பூரில் ஒரு டீ-சர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நூல் கோன் நிட்டிங்குக்குப் போகிறது. ஓட்டி எடுத்த கிரே துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயமேறியது காம்பாக்டிங்குக்கு, அங்கிருந்து கட்டிங்குக்கு, வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கு. அப்புறம் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடைய ஜாப் ஒர்க். வீரபாண்டியில் ஒன்று, நெருப்பெரிச்சலில் ஒன்று, பெருமாநல்லூர்ப் பக்கம் இன்னொன்று. இந்த ஊரைப் பற்றிப் படித்ததிலெல்லாம் இயந்திரம் உண்டு, சாயம் உண்டு, டாலர் உண்டு. ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் நடுவே ராத்திரி பகல் பாராமல் துணி சுமக்கும் வண்டிகளைப் பற்றி அதிகம் படித்ததில்லை.

நிட்டிங் வைத்திருக்கும் என் நண்பரிடம் அப்படி ஒரு வண்டி ஓடுகிறது. டாடா ஏஸ். 2005-இல் சந்தைக்கு வந்த இந்த வண்டியைத் தமிழ்நாடே குட்டி யானை என்றுதான் கூப்பிடுகிறது. ஸ்டியரிங் உதறுகிறது, முன் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காங்கேயம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் இருக்கும் பட்டறைக்கு வண்டியை விடப் போனபோது நண்பர் என்னையும் கூட்டிப்போனார். பிறகு நானாகவே போகத் தொடங்கினேன். பட்டறைக்காரர் பெயரைப் போட வேண்டாம் என்றார். எல்லோரும் கூப்பிடுவதுபோல மேஸ்திரி என்றே எழுதுகிறேன்.

வண்டி உள்ளே வந்ததும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினார். பிறகு உள்ளிருந்து வெளியே. என் கையையும் பிடித்து அப்படியே தடவ வைத்தார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று போகிறது. எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரப்பர் விளிம்புகள் ரம்பப்பல் மாதிரி விரலில் மாட்டுகின்றன.

“இது ரோட்டு மேல உருளலைங்க தம்பி. இழுபட்டுட்டே போவுது.”

அவர் சொன்னதைப் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முன்சக்கர ரிம்களின் முன்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் இடையிலான வித்தியாசம், கம்பெனி சொன்ன அளவை 3 மில்லிமீட்டர் மீறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டி யானைக்கு 12 அங்குல ரிம். அந்த 3 மில்லிமீட்டருக்கே, ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய நாலரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். அவினாசிக்கும் பல்லடத்துக்கும் நாளெல்லாம் ஓடும் வண்டியில் ரப்பர் எங்கே போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து ஜாக்கி வைத்து அச்சைத் தூக்கினார்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ‘டக்’ என்றது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். இன்னொரு சத்தம், கொஞ்சம் மெலிசாக. முதலாவது கிங் பின், இரண்டாவது டை ராட் எண்டு, அதாவது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் முனை. எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. சந்தேகம் தீர, பட்டறைப் பையனை டை ராட் எண்டின் மேல் விரலை வைத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே விரலுக்குத் துடிப்பு தெரியுமாம்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் கிங் பின் கிடையாது. பால் ஜாயிண்ட் தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான். குட்டி யானைக்கு முன்னாலும் கட்டை அச்சு, பிளேட் ஸ்பிரிங். அச்சின் இரண்டு முனையிலும் ஒரு தடித்த எஃகுக் குச்சி செங்குத்தாக நிற்கும். அதைச் சுற்றித்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. குச்சிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு புஷ். கிரீஸ் வற்றினால் புஷ் தேயும், குச்சியும் தேயும். திருப்பூரின் தோண்டிப்போட்ட ரோடும், முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் அதற்கு மேல் அடுக்கும் துணி ரோல்களும், மழைக்கு ரயில்வே பாலத்தடியில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துகின்றன.

பழைய கிங் பின்னைக் கழற்றும் வேலை வெறும் பலம். கேஸ் வைத்துச் சூடேற்றி, சம்மட்டியால் அடித்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி அடித்து ஒரு வழியாக வெளியே வந்தது. பளபளப்பாக இருக்க வேண்டிய குச்சியில் ஒரு பக்கம் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம். ஸ்டியரிங் பாக்ஸையும் திறந்து ஏதோ செய்தார்கள். அது எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ரீமரைப் பற்றி.

சாம்பல் நிற எஃகுத் தண்டு. நீளவாக்கில் பல வெட்டு விளிம்புகள். தலையில் சதுரமாகச் செதுக்கிய முனை, அதில் மாட்டித் திருக ஒரு கைப்பிடி. மேஸ்திரி அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, அதற்கென்றே இருக்கும் மரப்பெட்டியில் வைத்திருக்கிறார். பட்டறையில் ஸ்பேனர் காணாமல் போனால் சத்தம் போடமாட்டார், இந்தப் பெட்டியை யாராவது இடம் மாற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான். புதிய புஷ்ஷை உள்ளே இறக்கும்போது கிரீஸ் துளை நேருக்கு நேர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. இறக்கிய புஷ்ஷுக்குள் கிங் பின் அப்படியே நுழையாது. கொஞ்சம் இறுக்கமாகத்தான் செய்திருப்பார்கள். அந்த ‘கொஞ்ச’த்தை ரீமர் சுரண்டி எடுக்க வேண்டும்.

கைப்பிடியை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து, ஒரே திசையில், அவசரமில்லாமல் சுற்றுகிறார். மேல் புஷ்ஷைக் கடந்து அதே நேர்கோட்டில் கீழ்ப் புஷ்ஷுக்குள் இறங்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே கோட்டில் இல்லையென்றால் குச்சி கோணலாக இறுகும். வெளியே எடுக்கும்போதும் அதே திசையில்தான் சுற்றுகிறார். எதிர்த்திசையில் திருப்பினால் விளிம்பு மழுங்கிவிடும், புஷ்ஷிலும் கீறல் விழும். மஞ்சள் பொடி மெல்லிசாக அவர் முழங்கையில் உதிர்ந்தது. துடைத்தார், குச்சியில் எண்ணெய் தடவி நுழைத்துப் பார்த்தார், எடுத்தார், இன்னும் ஒரு சுற்று. மறுபடி நுழைத்தார். கட்டைவிரலால் அழுத்தினால் குச்சி இறங்குகிறது. விரலை எடுத்தால் நிற்கிறது.

“தானா உளுந்தா லூசு. சுத்தியல்ல தட்டித்தான் எறங்குச்சுன்னா டைட்டு. டைட்டா உட்டுட்டா டிரைவருக்கு ரெண்டு தோளும் போயிரும். திருப்பத்துல சக்கரத்த ஒடிச்சா ஸ்டியரிங்கு அதுவே திரும்பி வரோணும். வரலீன்னா நம்ம வேல செரியில்லைன்னு அர்த்தம்.”

இதை அவர் கற்றது சங்ககிரியில். சொந்த ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரிக்கு ஒரு மாமாவோடு போயிருக்கிறார். முதலில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலை. ரீமரைத் தொட, தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் பல வருஷம் விடவில்லை. லாரியின் கிங் பின் கனத்தது, புஷ் கெட்டுப்போனால் முதலாளிக்கு நஷ்டம். வாத்தியார் சாப்பிடப் போன நேரத்தில் பழைய புஷ்களில் சுற்றிச் சுற்றிப் பழகியிருக்கிறார். வாத்தியாருக்கு அது தெரிந்தே இருந்தது என்பது அவர் தொழிலை விட்ட அன்றுதான் இவருக்குத் தெரிந்தது. மரப்பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போதிருக்கும் பெட்டி அதுதான். உள்ளே இருப்பவை மட்டும் மாறியிருக்கின்றன.

எண்பதுகளின் கடைசியில் எக்ஸ்போர்ட் வேகம் பிடித்த திருப்பூருக்கு வந்தார். அப்போது மேட்டடோர் வேன்கள். பிறகு குட்டி யானை வந்து தெருவெல்லாம் நிறைந்தது. 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சாயத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிய வண்டிகள் எல்லாம் நின்றுபோயின. மேஸ்திரிக்கு மாதக்கணக்கில் வேலையில்லை. மறுபடி வண்டிகள் கிளம்பியபோது ஒரே கூட்டம். நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்து, டை ராட் எண்டுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்ததாம். “ஓடுற வண்டிய உட நிக்கிற வண்டிதானுங்க நெம்பக் கெட்டுப்போவுது” என்றார். ஆறு செத்ததைப் பற்றியும் அவருக்குச் சொல்ல இருந்தது. அவருடைய அக்கா குடும்பம் ஒரத்துப்பாளையம் பக்கம் விவசாயம் பார்த்தது. அங்குள்ள நொய்யல் அணையில் தேங்கிய சாயத் தண்ணீருக்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லை என்றார். தன் பிழைப்பு நின்றாலும் உத்தரவு தப்பு என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

டை ராட் எண்டைக் கழற்றியது அழகான வேலை. ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, அது மாட்டியிருக்கும் கண்ணின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஓர் அடி. இறுகியிருந்தது ‘டப்’பென்று விட்டது. மரையின் தலையில் அடிக்கவே இல்லை. பழைய எண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணினார், புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினார். அதனால் அலைன்மென்ட் போடும்வரை சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்கும்.

அலைன்மென்ட் மெஷின் பட்டறையின் மறுகோடியில் இருக்கிறது. புதுச்சேரியில் மானாடெக் கம்பெனி தயாரித்தது, கைமாறி வாங்கியது. அதை இயக்குவது ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன். தையலுக்கென்று திருப்பூர் வந்து, மேஸ்திரியிடம் ஒட்டிக்கொண்டவன். சக்கரங்களில் கிளாம்ப் மாட்டி, வண்டியின் மாடலை அழுத்தினால் திரையில் டோ, கேம்பர், கேஸ்டர் என்ற சக்கரக் கோணங்களின் எண்கள் வருகின்றன. அளவு தப்பினால் சிவப்பு, சரியானால் பச்சை. மெஷின் வருவதற்கு முன்னால் மேஸ்திரி நூல் கட்டித்தான் பார்த்தாராம். தையல் கம்பெனியில் மிஞ்சிய பாலியஸ்டர் நூல் கோனை வாங்கி, வண்டியின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் ஸ்டீல் ஸ்கேலால் அளப்பது. பனியன் நூல் உதவாது, இழுத்தால் அறுந்துவிடும். மின்சாரம் போனால் இன்றைக்கும் அந்தக் கோனை எடுக்கிறார்.

ஒன்றை அந்த இளைஞன் எனக்குக் காட்டினான். ஆட்டம் எடுக்காத வேறொரு வண்டியை ஏற்றி, திரையில் பச்சை வரவைத்தான். பிறகு டயரை லேசாகக் கையால் தள்ளினான். சிவப்பு. விட்டான், வேறொரு எண். தேய்ந்த டை ராட் எண்டை வைத்துக்கொண்டு போடும் அலைன்மென்ட் பட்டறை வாசலைத் தாண்டும்வரைகூட நிற்காது. ஆனால் வண்டி அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது அதைத்தான். “அலைன்மென்ட் மட்டும் போட்டு உட்டுருங்க.” பிரிண்ட் எடுத்த தாளைக் காட்டிக் கம்பெனியில் பில் வாங்கலாம். கிங் பின்னின் இறுக்கத்துக்குத் தாள் கிடையாது.

1817-இல் மியூனிக்கில் கெயோர்க் லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர், திருப்பத்தில் உள்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பும் அமைப்பைக் கண்டுபிடித்தார். குட்டி யானையின் டை ராட் இன்றும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. மறுவருஷம் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட், பதிப்பாளர் ருடால்ஃப் ஆக்கர்மன். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருப்பது ஆக்கர்மன் பெயர். இதைச் சொன்னபோது மேஸ்திரி ஆச்சரியப்படவே இல்லை. அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார்.

பெரிய கம்பெனிகள் பல, சொந்த வண்டி வைத்துக்கொள்வதில்லை. காண்ட்ராக்டர் வண்டி கொடுக்கிறார். கம்பெனி அவருக்கு மாதம் கழித்துத் தருகிறது, அவர் பட்டறைக்கு அதற்கும் பல மாதம் கழித்து, அதுவும் வெட்டிக் குறைத்துத் தருகிறார். இன்ன கடையில்தான் ஸ்பேர் வாங்க வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். ரானே மாதிரிப் பேர்பெற்ற கம்பெனியின் பெட்டி, உள்ளே எந்தப் பட்டறையில் வார்த்ததோ தெரியாத சாமான். கடை கொடுக்கும் கமிஷன் அவருக்கு. மூன்று மாதத்தில் ரப்பர் பூட் கிழிந்து ஆட்டம் வந்தால் பழி மேஸ்திரிக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு மங்கலம் ரோட்டில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் போனால் போகும் உயிர் டிரைவருடையது. இதைத் தொழில் நடைமுறை என்று சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. டயரில் நாலரை மீட்டர் இழுபடுவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு மனிதருடைய கூலி ஐந்து மாதம் இழுபடுவது தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதியின்படி, காலத்தில் கொடுக்காமல் வருஷக் கடைசியிலும் நிற்கும் பாக்கியை, வேலை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் கழிக்கவும் முடியாது. இதற்கு அரசின் உத்யம் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும், பதிவுக்குக் கட்டணமில்லை. இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பதிஞ்சு போட்டு நோட்டீஸ் உட்டா, அடுத்த வண்டிய எங்கிட்ட யாருங்க தம்பி உடுவா?”

ஆனால் அவர் சும்மா இருக்கவும் இல்லை. போன பொங்கலிலிருந்து கிங் பின் வேலைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். ஸ்பேரை அவரே பார்த்து வாங்குவார், பில் தனியாகக் கொடுப்பார். சக்கரத்தை மறுபடி மாட்டுவதற்கு முன்னால் கூலி கைக்கு வந்துவிட வேண்டும். சொந்த வண்டி ஓட்டும் டிரைவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள், அவர்கள் வண்டிக்குத்தான் முதலிடம். காண்ட்ராக்டர்கள் கோபித்துக்கொண்டு வேறு பட்டறை பார்த்தார்கள். டயர் செலவு ஏறிப்போய் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அதில் ஒருவருடைய வண்டி நான் கடைசியாகப் போனபோது ஸ்டாண்டின் மேல் நின்றது. இரண்டு பக்கமும் கிங் பின் ஏறிக் கிரீஸும் அடித்தாயிற்று. சக்கரங்கள் சுவரோரம் சாத்தியிருந்தன. டிரைவர் போனில் காண்ட்ராக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். “அண்ணா, பணம் போட்டாத்தான் மாட்டுவாராம்.”