ரெண்டு மாத்திரை போட்டா சீக்கிரம் கேட்குமா?

சிவகாசியில "மருந்து"ன்னா பாதிப் பேருக்கு முதல்ல வெடிமருந்துதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது மாத்திரை பத்தி மக்களே.

"பத்து நாளா தைராய்டு மாத்திரை போடுறேன் டாக்டர், ஒண்ணும் தெரியலையே. ரெண்டாப் போட்டுக்கட்டுமா?" வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கமிருந்து வர்ற அக்காமார் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

போட்டுக்காதீங்க. காரணம் பத்தாம் வகுப்புல படிச்ச தொடர்வரிசையிலயே இருக்கு.

தினம் 100 மில்லிகிராம் ஒரு மருந்து. ஒரு நாள்ல உடம்பு இருக்கிறதுல பாதியை வெளியேத்திடும்னு வச்சுக்கோங்க. மாத்திரை போட்ட உடனே உள்ளே இருக்கிற அளவு: 100, 150, 175, 187.5... ஏறிக்கிட்டே இருக்கும், ஆனா 200ஐத் தாண்டாது. 200 இருந்தா 100 போகும், புதுசா 100 வரும். வரவும் செலவும் சரி. இந்த வரிசை 200க்குக் குவியுதுன்னு கணக்கு வாத்தியார் சொல்வார். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனாலும் மறுபடி 200க்கே வந்து சேரும்.

ரெண்டாப் போட்டா? போய்ச் சேர்ற இடம் 400 ஆகிடும். சேர ஆகிற நாள் மட்டும் ஒரு நாள் கூடக் குறையாது! அந்த வேகம் மருந்து பாதியாகிற காலத்தைப் பொறுத்தது. தைராக்சினுக்கு அது சுமார் 7 நாள். ஆறு தடவை பாதியானாதான் எல்லையில 98 சதவீதம் வரும். 6 வாரம் கழிச்சு டிஎஸ்எச் பார்க்கச் சொல்றது இதனாலதான்.

ஆனா எல்லா மருந்தும் இப்படிக் குவியாது. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின் வேற ரகம். அளவு கூடக்கூட கல்லீரல் திணற ஆரம்பிக்கும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இத்தனை பெட்டிதான் ஒட்ட முடியும், சரக்கு கூட வந்தா மூலையில தங்கும் இல்லையா? அதே கதை. ஒருத்தர் கல்லீரல் தினம் அதிகபட்சம் 290 மில்லிகிராம்தான் கழிக்கும், மாத்திரை 300னு வைங்க. தினம் 10ஆவது தங்கும். பத்துதானேன்னு தோணும். நூறு நாள்ல 1000. இந்த வரிசைக்கு எல்லையே கிடையாது. அதான் இந்த மாத்திரையில 50 கூட்டவே நாங்க யோசிப்போம்.

அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும். வெடிமருந்துப் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அது வந்தா என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபெனிட்டாயின் சாப்பிடுறவருக்கு நடை தள்ளாடுதா, ஒண்ணு ரெண்டாத் தெரியுதா? அன்னிக்கு வேலைக்குப் போக வேண்டாம். மாத்திரை அட்டையோட நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, ரத்தத்துல அளவு பார்க்கணும்.