செலே ஆற்றங்கரையில் நான்கு நாள்

பிரான்சு தேசம் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன பாரிஸ் மாநகரும், லூர்து அன்னையின் கெபியும், லிசியே கார்மேல் மடமுமே. அவற்றைத் தரிசித்து வந்தோர் எழுதிய கட்டுரைகள் பலவற்றை வாசகர்கள் படித்திருப்பர். நான் சொல்லப்போவது அவற்றுள் ஒன்றன்று. அத்தேசத்தின் தென்மேற்கே, கெர்சி என்னும் பழம்பெயர் கொண்ட சுண்ணாம்புப் பாறை நாட்டில், செலே என்றொரு சிற்றாறு ஓடுகிறது. ‘விரைவு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். கோடையில் அதைக் கண்டவர் அப்படிச் சொல்லத் துணியார். நம் ஊர் வாய்க்கால் போல அது மெல்ல நடந்து போகிறது.

காவோர் மறைமாவட்டத்தில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதம் பணியாற்றப் போயிருந்தேன். அதன் முடிவில் நான்கு நாள் ஓய்வு கிடைத்தது. ஒரு கைத்தடியும் முதுகுப் பையுமாக ஃபிஜாக் நகரிலிருந்து நடக்கத் தொடங்கினேன். அங்கிருந்து செலே ஆறு லோத் நதியில் கலக்கும் இடம்வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஸ்பெயின் தேசத்திலுள்ள புனித யாகப்பர் திருத்தலத்திற்கு லெ புய் நகரிலிருந்து செல்லும் யாத்திரைப் பாதை ஃபிஜாக் வழியே போகிறது. அதன் கிளையொன்றே இப்பள்ளத்தாக்கு வழி. எதிர்ப்பட்ட யாத்திரிகரிற் பாதிப்பேர் வேண்டுதலுக்காக நடப்பவரல்லர். காலாற நடப்பதற்கென்றே வந்தவர். ஆயினும் எல்லாரும் முகமன் கூறினர்.

ஃபிஜாக் நகரில் ஒரு முற்றம் உண்டு. அதன் தரை முழுவதும் ஒரே கருங்கல் பரப்பு. எகிப்து நாட்டு ரொசெட்டா கல்லின் எழுத்துக்களை அதிலே பெரிதாக்கிச் செதுக்கி வைத்துள்ளனர். எகிப்தியரின் சித்திர எழுத்தின் மறைபொருளை 1822ஆம் ஆண்டில் விடுவித்த ஷம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் இது. சிறுவர்கள் அவ்வெழுத்துக்களின்மேல் ஓடி விளையாடுகின்றனர். அதைத் தடுப்பாரில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஊரைத் தாண்டினால் வழி இருவகையாகிறது. மேலே ஏறினால் ‘கோஸ்’ எனப்படும் வறண்ட மேட்டுநிலம். மழைநீர் முழுவதும் பாறை வெடிப்புக்களில் இறங்கிவிடுவதால் அங்கே குட்டைக் கருவாலி மரங்களும், முட்செடிகளும், சாந்தில்லாமற் கல்லடுக்கிக் கட்டிய வேலிகளும், இடையர் ஒதுங்கும் கற்குடில்களுமே காணப்படும். கண்களைச் சுற்றிக் கறுப்பு வளையமிட்ட வெள்ளாட்டு நிறச் செம்மறிகள், மூக்குக்கண்ணாடி அணிந்த பள்ளி ஆசிரியர்களைப் போல நம்மை உற்றுப் பார்க்கின்றன. கீழே இறங்கினாலோ வாதுமைக் கொட்டை மரங்களும், மக்காச்சோள வயல்களும், நிழலும் நீரும். மேலே தாகம், கீழே குளிர்ச்சி. நாளொன்றுக்கு இருமுறை இவ்விரண்டிற்குமிடையே ஏறியிறங்க வேண்டியிருந்தது. முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

எஸ்பாஞாக் என்னும் சிற்றூரில் முதலிரவு தங்கினேன். புனித அகுஸ்தீனார் சபைக் கன்னியர் வாழ்ந்த பழைய மடம் அங்குண்டு. ‘விண்ணுலகப் பள்ளத்தாக்கின் அன்னை’ என்பது அதன் பெயர். மணிக்கூண்டின் உச்சி மரச்சட்டமும் செங்கல்லுமாக இருப்பதால், கோவிலின்மேல் யாரோ ஒரு சிறு வீட்டைத் தூக்கி வைத்ததுபோலத் தோன்றும். பிரெஞ்சுப் புரட்சியோடு மடம் முடிவுற்றது. இன்று அதன் ஒரு பகுதி நடைப்பயணிகளின் தங்கும் விடுதி. செபித்த அறையில் இன்று செருப்புக்கள் வரிசையாகக் காய்கின்றன. வருத்தப்பட நினைத்தேன், ஆனால் களைத்து வந்தோர்க்கு இடந்தருவது துறவு மடங்களின் பழைய தொழில்தானே என்ற எண்ணம் வந்து தடுத்தது.

அடுத்த பேரூர் மர்சியாக். இங்குள்ள ஆசீர்வாதப்பர் சபை மடம் ஒருகாலத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. புகழ்பெற்ற ரோக்கமதூர் அன்னையின் திருத்தலத்திற்கே இது உரிமை கொண்டாடி, துல் நகர மடத்தாரோடு நெடுங்காலம் வழக்காடியது. நூறாண்டுப் போரில் (1337–1453) மடம் சிதைந்தது. கூரையிழந்த மேற்குப் பகுதியில் தூண்களுக்கிடையே வானம் தெரிகிறது. எஞ்சிய கிழக்குப் பகுதி பங்குக் கோவிலாக விளங்குகிறது.

இவ்வாறு சென்றுகொண்டிருக்கையில், ஊரின் பெயர் வேண்டாம், ஒரு சிறு கோவிலின் வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர், தம் முன்றானைப் பையிலிருந்து உள்ளங்கை நீளச் சாவியை எடுத்து வந்தார். எண்பது வயதிற்கு மேலிருக்கும். நான் குரு என்று அறிந்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “தந்தையே, நாளை என் கணவர் இறந்த நாள். இங்கே பூசை நடந்து ஐந்து மாதமாகிறது” என்றார்.

பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், அதற்கு முன்பு கட்டப்பட்ட பங்குக் கோவில்கள் ஊராட்சிகளின் உடைமை. ஆகவே கூரை ஒழுகினால் ஊராட்சி பழுதுபார்க்கிறது. சுவர் நிற்கிறது, மணி நேரம் தவறாமல் அடிக்கிறது. குருக்கள்தாம் இல்லை. ஒரே குரு பல ஊர்க் கோவில்களைச் சுற்றி வருகிறார். ஞாயிறு திருப்பலி முறை வைத்து ஊர் ஊராக மாறுகிறது.

எனக்கோ மறுநாட் காலைதான் பெஷ் மெர்ல் குகையைக் காண முன்கூட்டியே சீட்டு எடுத்திருந்தது. நாளொன்றுக்கு எழுநூறு பேருக்குமேல் அங்கே அனுமதியில்லை. கோடையில் சீட்டுக் கிடைப்பது அரிது. உண்மையைச் சொன்னால், உடனே சரியென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “மாலையில் வைக்கலாமா?” என்று கேட்டேன். “அவர் காலையில்தான் இறந்தார்” என்றார் அவர், குறையாக அன்று, செய்தியாக. பொறுப்புக் குருவானவரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற்றேன்.

மறுநாள் ஒன்பது பேர் வந்தனர். இருவர் யாத்திரிகர், ஒருவர் கோவிலுக்கு வராதவர் என்று தம்மைத்தாமே அறிமுகம் செய்துகொண்ட பக்கத்து விவசாயி. பீடத்துணியில் பெட்டியின் மணம் வீசிற்று. எங்கள் ஊர்க் கோவிலில், பீடத்தருகே தரைக்கடியில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஒரு குருவானவர் அடக்கமாகியிருக்கிறார். இதைப் போன்றதொரு குக்கிராமத்தில் பிறந்தவர். கப்பலேறியபின் தாயை மீண்டும் காணாதவர். அவர் பெயரையும் அன்று ஒப்புக்கொடுத்தேன். பூசை முடிந்து மூதாட்டி ஓர் ஆட்டுப்பாற் பாலாடைக்கட்டியைத் தாளில் சுற்றித் தந்தார். வெயிலில் அது பையெல்லாம் மணத்தது.

எஞ்சிய தொலைவில் ஒரு பகுதியைத் தோணியிற் கடந்தேன். வாடகைக்குத் துடுப்புத் தோணிகள் கிடைக்கின்றன. பழைய நீராலைகளின் தடுப்பணைகளில் தோணி வழுக்கியிறங்குவதற்கு வழி விட்டிருக்கின்றனர். மூன்றாவது அணையில் நான் கவிழ்ந்தேன். நீர் இடுப்பளவே இருந்தது. கரையிலிருந்த சிறுவர்கள் கைதட்டினர். செவ்வண்ணமும் வெண்மையும் கலந்த செங்குத்துப் பாறைகள் இருபுறமும் எழுகின்றன. அவற்றின் இடுக்குகளில், போர்க்காலத்தில் மக்கள் ஒளிந்த சுவர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கப்ரரே ஊருக்கு மேலுள்ளதைச் ‘சாத்தானின் கோட்டை’ என்கின்றனர்.

குகையின் சீட்டறையில் என் கதையைச் சொல்லவே, மறுநாட் பிற்பகல் ஓரிடம் தந்தனர். இக்குகையின் ஓவியங்களை 1922இல் கண்டுபிடித்தவர்கள் பள்ளிப்பருவச் சிறுவர்கள். அவர்களுக்குக் குகையாராய்ச்சியில் ஆர்வம் ஊட்டியவர் கப்ரரே பங்குத்தந்தை லெமோஸி அடிகளார். ஷம்போலியோனின் வெற்றிக்குச் சரியாக நூறாண்டு கழித்து, அதே ஆற்றங்கரையில், அதைவிட மிகப் பழைய கைவண்ணம் ஒன்று திறக்கப்பட்டது. அடிகளார் 1929இல் வெளியிட்ட நூலில் இதனைக் கோவிற்குகை என்றே பெயரிட்டார். உள்ளே புள்ளியிட்ட இரு குதிரைகள், முதுகொட்டி நிற்கின்றன. ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வலப்புறக் குதிரையின் தலை, பாறையின் இயற்கை வடிவத்தையே தழுவியிருக்கிறது. வண்ணத்தை வாயில் வைத்து ஊதித் தீட்டியிருப்பர் என்கின்றனர் ஆய்வாளர். சுற்றிலும் மனிதக் கைகளின் நிழற்பதிவுகள். சற்றுத் தள்ளி, களிமண்ணில் ஓர் இளையோனின் காலடி.

வழிகாட்டிப் பெண் விளக்கைத் தாழ்த்தினார். எவரும் பேசவில்லை. எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கையில், பெரிய சாவியை நீட்டிய கை நினைவுக்கு வந்தது. ஏனென்று விளக்கத் தெரியவில்லை.

நான்காம் நாள் மாலை பூஸியேஸ் அருகே செலே முடிவுற்றது. அங்கே லோத் நதியோரம், படகுகளை இழுத்துச் செல்வதற்காகப் பாறையைக் குடைந்து அமைத்த பழைய பாதை இருக்கிறது. தலை இடிக்காமல் குனிந்து நடந்தேன். ஈரக் காலணியைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு காவோர் பேருந்துக்காகக் காத்திருக்கையில், பள்ளத்தாக்கின் உள்ளிருந்து எந்த ஊரினதோ மணி ஏழு அடித்தது.