கோபுர விளக்கும் கோழிப் பண்ணையும்

எங்கள் ஆலயத்தின் கோயில்பிள்ளைக்கு வயது அறுபத்து நான்கு. அவருக்குத் துணை ஒரு மூங்கில் ஏணி. நான் ஃபேர்லேண்ட்ஸுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே, அந்த ஏணியின் உச்சியில், கையில் குழல் விளக்கோடு அவர் நிற்பதைக் கண்டேன். "ஃபாதர், கீழே கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?" என்றார். பிடித்துக்கொண்டேன். அதன் பின்னர் மாதத்தில் இருமுறையேனும் அக்காட்சி நிகழ்ந்தது. ஒருநாள் சோக் எரிந்திருக்கும். மறுநாள் ஸ்டார்ட்டர் கண் சிமிட்டும். திருப்பலியின் நடுவே ஏதேனும் ஒரு விளக்கு விர்ரென்று இரைந்து மினுக்கத் தொடங்கினால், சிறுவர் அனைவரும் பீடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பர். என் மறையுரையைவிட அது அவர்களுக்குச் சுவையாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு மழைக்கால மாலையில் ஏணி வழுக்கிற்று. இறையருளால் தலைக்கு ஒன்றும் நேரவில்லை. வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு நடமாடினார். இடக்கையால் மணி அடித்தார். அந்த நாட்களில் விளக்குகளை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு மனம் கூசியது. பங்குப் பேரவையைக் கூட்டினேன். ஆலயம் முழுவதற்கும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்துவதென முடிவாயிற்று. "உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே 2014-ஆம் ஆண்டு ஏழாயிரம் எல்.இ.டி.க்கள் போட்டுவிட்டார்கள், நாம் எதற்கு யோசிக்க வேண்டும்?" என்று பேரவை உறுப்பினர் ஒருவர் கேட்டதும் எதிர்ப்பேச்சு அடங்கிவிட்டது.

முதலில் மலிவான விலையில் ஒரு கடையிலே வாங்கினோம். ஆண்டு முடியுமுன் பாதி அணைந்துவிட்டன. அப்போதுதான் கோயில்பிள்ளையின் மகன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர், இவ்வகை விளக்குகளைப் பூட்டிச் சேர்க்கும் சிறு பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். "என்னைக் கேட்டிருக்கலாமே, ஃபாதர்" என்றார். கேட்டிருக்கலாம்தான். அருகில் இருப்பவரின் திறமை கண்ணில் படாமற் போவது பங்குத் தந்தையருக்கும் உள்ள குறை.

அணைந்த விளக்கொன்றை என் மேசையின்மீது வைத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஓர் அலுமினியத் தட்டு. அதில் நெல்மணியளவில் மஞ்சள் நிறச் சில்லுகள். அவை தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று கெட்டாலும் எல்லாம் அணைந்துவிடுமாம். தட்டுக்கு அடியில், வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்ற அளவாக மாற்றித் தரும் சிறு சுற்று. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். சில்லு பல்லாண்டு உழைக்கக்கூடியதாயினும், மலிவுச் சரக்கில் இந்த டிரைவரே வெப்பம் தாங்காமல் முதலில் சாகிறது. பி.ஐ.எஸ். முத்திரையைப் பார்த்து வாங்கவேண்டும், தட்டு சூட்டை வெளியேற்றும் தடிப்பு உடையதாயிருக்கவேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் மாணவனைப்போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய குண்டு பல்பில் இழை சூடேறி ஒளிர்கிறது. அது உண்ணும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கே ஒளியாகிறது. எஞ்சியது வெறும் சூடு. எல்.இ.டி.யில் இழையே இல்லை. அரைக்கடத்திச் சில்லில் மின்சாரம் பாயும்போது நேரே ஒளி பிறக்கிறது. சிவப்பு ஒளி தரும் சில்லு 1962-லேயே வந்துவிட்டது. ஆனால் நீல ஒளி முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. நீலம் இன்றேல் வெள்ளை இல்லை. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசித்தான் வெள்ளொளியைப் பெறுகிறார்கள். ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் விடாமல் முயன்று அந்த நீலத்தைக் கண்டனர். 2014-இல் இயற்பியல் நோபல் பரிசையும் பெற்றனர்.

நம் நாட்டில் இவ்விளக்கு ஏழை வீட்டை எட்டியது 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தாலே. அரசு மொத்தமாக வாங்கிய விளக்கு ஒன்றின் விலை 2014-இல் 310 ரூபாய். 2016-இல் 38 ரூபாய். இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் அத்திட்டத்தில் வழங்கப்பட்டுள்ளன. ஆயினும் உள்ளிருக்கும் சில்லு பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. நம் பட்டறைகள் பூட்டிச் சேர்ப்பதோடு நிற்கின்றன. உதிரிப் பாகங்களை இங்கேயே செய்யவேண்டுமென்று, ஏ.சி. இயந்திரங்களையும் எல்.இ.டி. விளக்குகளையும் சேர்த்து, 6,238 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமொன்றை நடுவண் அரசு 2021-இல் அறிவித்தது. அதன் பயன் தம் பட்டறை போன்ற சிறியவற்றுக்கு எப்போது வந்து சேருமோ என்று அந்த இளைஞர் சிரித்தார்.

அவர் பொருத்திய விளக்குகள் இன்றும் எரிகின்றன. ஏணி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மின் கட்டணமும் பாதிக்குக் கீழே இறங்கிற்று. இங்கேதான் நான் தவறினேன்.

மிச்சம் இருக்கிறதே என்று, ஆலயக் கோபுரத்தின்மேல் ஒளி வீசும்படி நான்கு பெரிய எல்.இ.டி. விளக்குகளை வைக்கச் சொன்னேன். முன்பு முற்றத்தில் ஒரே ஒரு ஹாலஜன் விளக்கு உண்டு. 500 வாட் தின்னும் என்பதால் திருநாளன்றி அதை ஏற்றமாட்டோம். இப்போது நான்கும் சேர்ந்தே 200 வாட்தானே! விடிய விடிய எரியட்டும் என்றேன். சாரதா கல்லூரிச் சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்று பலர் பாராட்டினர். 2012-இல் நாளில் பாதி நேரம் மின்வெட்டில் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. அந்நாளில் ஓர் இளம் இணையருக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் திருமணம் நடத்தி வைத்தவன் நான். அந்த இருட்டைப் பழிதீர்த்துக்கொள்வதுபோல் ஓர் உவகை என்னுள் இருந்தது.

ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1865-லேயே நிலக்கரியைப் பற்றி இதைத்தான் எழுதினார்: இயந்திரம் சிக்கனமானால் கரிச் செலவு குறையும் என எண்ணாதீர், மலிவானதை மனிதர் மேலும் மேலும் பயன்படுத்துவர். என் கணக்கும் அப்படியே ஆயிற்று. ஹாலஜன் ஆண்டில் பத்து இரவு, இரவுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இருபத்தைந்து யூனிட். புது விளக்குகள் இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்து, பதினோரு நாளில் அதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு யூனிட்டுக்கும் மேட்டூர் அனல் நிலையம் போன்ற ஏதோ ஓர் இடத்தில் கரி எரியவேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், வீட்டில் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறு செயல்களுள் தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் சேர்த்திருக்கிறார். அதைப்பற்றி நானே இருமுறை மறையுரை ஆற்றியவன்!

ஒரு ஞாயிறு, பீடச் சிறுவன் ஒருவன் திருப்பலி உடை மாற்றும் அறையில் தயங்கி நின்றான். "ஃபாதர், பாட்டிக்குத் தூக்கம் வரலையாம். ஜன்னல்ல வெள்ளையா வெளிச்சம் அடிக்குது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க" என்றான். ஆலயத்திற்கு எதிர்வீடு. நோயுற்றுப் படுக்கையில் இருக்கும் மூதாட்டி. முதல் வெள்ளிதோறும் நான் நன்மை கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒரு முறைகூட அவர் குறை சொன்னதில்லை, கோயில் விளக்கன்றோ! திரை ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்றுதான் என் மனம் முதலில் சொல்லிற்று. இதை எழுதவும் வெட்கமாயிருக்கிறது.

அந்த வாரமே நாமக்கல் பக்கம், உறவினர் ஒருவரின் புதுக் கோழிக் கொட்டகையை மந்திரிக்கச் சென்றிருந்தேன். மாலை மயங்கியதும் கொட்டகை முழுதும் வரிசையாக விளக்குகள் எரிந்தன. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டுமாம். பகலொளி போக எஞ்சிய நான்கு மணிக்குத்தான் விளக்கு. முன்பு அறுபது வாட் பல்புகள் அறுபது; நாளுக்குப் பதினான்கு யூனிட்டுக்கு மேல். இப்போது ஒன்பது வாட்; இரண்டு யூனிட்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் ஒளி வெள்ளையாக இல்லை. பழைய பல்பைப்போல் மஞ்சளாயிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கோழிக்கு இதுதானுங்க ஒத்துக்கும், ஃபாதர். செவப்பும் மஞ்சளும் கலந்த வெளிச்சந்தான் முட்டைக்கு நல்லதுங்க. அதைவிட முக்கியம், பதினாறு மணி ஆனதும் அணைச்சுப்புடணும். எட்டு மணி நேரம் இருட்டு குடுக்கணுமுங்க. விடிய விடிய வெளிச்சம் போட்டா ஒண்ணையொண்ணு கொத்திக்கும். அதுவும் உசுருதானுங்களே."

மணி அடித்தாற்போல் இருந்தது. பூவிருந்தவல்லி குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில் இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கும் மணி ஒலிக்கும். அதன்பின் பேசவும் கூடாது. அதை அன்று கண்டிப்பு என்று முணுமுணுத்தோம்.

திரும்பி வந்த இரவே கோபுர விளக்குகளை நானே அணைத்தேன். மறுவாரம் பேரவையில் பெரும் வாக்குவாதம். "கோபுரம் இருண்டு கிடந்தால் மற்றவர் என்ன நினைப்பர்?" என்றார் ஒருவர். திருடர் பயம் என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருந்ததால், வாயிலில் ஆள் நடமாடினால் மட்டும் எரியும் ஒரு சிறு விளக்கை வைத்தோம். கோபுரத்திற்கு இரண்டே விளக்குகள்; இளமஞ்சள் ஒளி; தெருப்பக்கம் சிதறாதபடி மேல்நோக்கித் தகட்டு மறைப்பு; இரவு ஒன்பதரைக்குத் தானே அணையும் கருவி. திருநாள் சீரியல் செட்டுகளைப் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. இளைஞர் மன்றத்தார் என்மீது சற்று வருத்தமாகவே இருக்கின்றனர்.

விளக்குகளை மாற்றும் நாளன்று ஏணி மீண்டும் சுவரைவிட்டு நகர்ந்தது. மகன் மேலே ஏறினார். ஏணியின் ஒரு காலைக் கோயில்பிள்ளையும் மறு காலை நானும் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டு ஜன்னல் கதவு திறந்திருந்தது.