கட்டிலுக்கு இந்தப் பக்கம்

குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றின் காத்திருப்புக் கூடம். குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள். உறவினர் ஒருவருக்காக அங்கே உட்கார்ந்திருந்த எனக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஊரையும் பெயர்களையும் எழுதப் போவதில்லை. வெளியே தெரியாது என்று நம்பித்தான் இங்கே எல்லாரும் வருகிறார்கள்.

அந்தச் சமூகப் பணியாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பெரியவர்களுக்கு அவர் மேடம், பிள்ளைகளுக்கு அக்கா. கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் தேடுவது, மூலையில் யூனிஃபார்மோடு நிற்கும் பிள்ளையைத்தான்.

இடுப்பில் தம்பியைச் சுமந்தபடி பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பெஞ்சைக் காட்டிவிட்டு, குட்டி ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"காலையில என்ன சாப்ட்ட கண்ணு?"

"தோசை."

"யாரு சுட்டா?"

"நான்தான். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க."

"தம்பிக்கு?"

"நான்தான் ஊட்டுனேன்."

பக்கத்தில் இருந்த பாட்டி, "பொறுப்பான பொண்ணு" என்றார். மேடம் பாராட்டவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். தாயின் வேலையைப் பத்து வயதில் தலையில் தூக்கிக்கொள்வதும் குடி அந்த வீட்டுக்குச் செய்த கேடுகளில் ஒன்று என்பது அவருக்குத் தெரியும்.

"ராத்திரி அப்பா சத்தம் போட்டா எங்க போவீங்க?"

"மாடிப்படிக்கு அடியில."

"பக்கத்துல யாரு வீட்டுக்காச்சும் போலாமா?"

சிறுமி யோசித்தாள். "எதிர்வீட்டு ஆயா கூப்பிடுவாங்க."

மேடம் தாயை அழைத்து, அன்றைக்கே அந்த ஆயாவிடம் பேசி வைக்கச் சொன்னார். பிறகு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சிறுமியை இரண்டு முறை சொல்ல வைத்தார். கடைசியில், "அப்பா குடிச்சதுக்கு நீ காரணம் இல்ல. அவர குடிக்காம வைக்கிறதும் உன் வேலை இல்ல" என்றார். சிறுமி தம்பியைக் கீழே இறக்கி நிற்கவைத்தாள்.

அடுத்தது ஒரு சிறுவன். அப்பாவுக்காகச் சந்துக்கடைக்குப் போய்க் கறுப்புக் கவரில் வாங்கி வந்த கதையைச் சாதாரணமாகச் சொன்னான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. குழந்தையை மது சுமக்கப் பயன்படுத்தினால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதை அந்தத் தகப்பனிடம் மேடம் அதட்டாமல், ஆனால் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார்.

சிறுமியின் அப்பாவுக்கு அன்று நாலாம் நாள். குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கமும் உறக்கமின்மையும் இப்போதுதான் தணியத் தொடங்கியிருந்தன. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பிள்ளைங்களுக்காகத்தான் மேடம் விடறேன்."

"அந்தப் பாரத்தையும் அவங்க தலையில ஏத்தாதீங்க. உங்களுக்காக விடுங்க."

மதிய வேளையில், பயிற்சிக்கு வந்திருந்த மாணவியிடம் அவர் பேசியது என் காதிலும் விழுந்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கிய வரலாற்றைச் சொன்னார். அப்படிப்பட்ட வார்டு ஒன்றில்தான் இவரும் வேலையைத் தொடங்கினாராம். பிறகு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினர். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கான அதிகாரங்கள் உண்டு.

"கோப்புல மேல பார்த்தா, வீட்டை விட்டு ஓடுன பையன், பள்ளிக்கூடம் நின்ன பொண்ணு, மில்லுக்குப் போன பிள்ளைன்னு இருக்கும். கீழ படிச்சுக்கிட்டே வந்தா, தகப்பன் குடின்னு ஒரு வரி. அடுத்த கோப்புலயும் அதே வரி. அதான் திரும்பவும் வார்டுக்கே வந்துட்டேன்."

திரும்பி வந்ததும் அவர் முதலில் மாற்றியது சேர்க்கைப் படிவத்தை. எத்தனை வருஷக் குடி, என்ன அளவு, வேறு என்ன நோய் என்ற கேள்விகளுக்குக் கீழே இன்னொன்றைச் சேர்த்தார்: பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள்?

சிகிச்சைக்கு வருகிற ஒவ்வொரு தகப்பனின் பின்னாலும், யாரும் விசாரிக்காத ஒரு பிள்ளை இருக்கக்கூடும். வீட்டை விட்டு ஓடி ரயில்வே பிளாட்பாரத்தில் கண்டெடுக்கப்படும் வரை அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தகப்பனுக்குச் சீட்டுப் போடும் மேசையிலேயே அதைப் பற்றிக் கேட்டுவிடலாம். எல்லா மையங்களின் படிவத்திலும் அந்தக் கேள்வி இடம்பெற வேண்டும். கேட்டதோடு விடாமல், பதிலைத் தேடிப் போக ஓர் ஆளும் வேண்டும்.