1969-ல் பிறந்த இரண்டு பேர்

டாலஸில் கொஞ்ச வருஷம் குப்பை கொட்டினால் எம்மிட் ஸ்மித் யார் என்று தெரியாமல் இருக்க முடியாது மக்களே. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நம்ம கபடி ரெய்டர் மாதிரி கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். அதில் இவர் ராஜா. 15 சீசன், 18,355 கஜம். பேரைச் சொன்னால் எங்க ஆபீஸ் பெரிசுகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை!

அவர் பிறந்தது 1969 மே. அதற்கு முந்தின மாதம் திருச்சூரில் பிறந்தவர் நம்ம ஐ.எம். விஜயன். ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன், பந்தாட்டத்துக்காகவே கேரளா போலீஸில் வேலை கிடைத்தவர். 1990-ல் எம்மிட் கவ்பாய்ஸில் சேர்ந்தார். அதே 1990-ல் கேரளா போலீஸ் ஃபெடரேஷன் கப்பைத் தூக்கியது. கேரள டீம் ஒன்று அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கிழக்கேகோட்டையில் எங்க சித்தப்பா பாத்திரக்கடைக் கல்லாமேல் ரேடியோவை வைத்துவிட்டு வியாபாரத்தையே மறந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேறு. (வீட்டில் பேசுவது தமிழ்தான். பந்து விஷயத்தில் மட்டும் பக்கா மலையாளி!)

முன்னால் விஜயன் கோல் அடிக்க, பின்னால் மதில் மாதிரி நின்றவர் வி.பி. சத்தியன். 1991-லும் கப் இவர்களுக்கே. சத்தியன் இந்தியாவுக்கே கேப்டன் ஆனார்.

அப்புறம் 2006. எம்மிட் இங்கே டிவி டான்ஸ் போட்டியில் ஜெயித்தார். விஜயன் ஆட்டத்தை விட்டார், 'திமிரு' படத்தில் வில்லனாக வந்து மிரட்டினார். சென்னையில் பேங்க் வேலையில் இருந்த சத்தியன், ஜூலை 18-ம் தேதி பல்லாவரத்தில் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். வயசு 41.

"விளையாட்டுக்காரனுக்கு ஒரு கவர்மென்ட் வேலை போட்டுக் கொடுத்தால் போதும்" என்று நம்மாட்கள் சுலபமாகச் சொல்வார்கள். சத்தியனுக்கும் வேலை இருந்ததே? ஓடி ஓடித் தேய்ந்த முட்டியோடு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனிடம் யாராவது பந்தைப் பற்றிப் பேசியிருப்பார்களா?

விஜயன் மறுபடி போலீஸுக்கே போனார். 2025-ல் பத்மஸ்ரீ. அதே வருஷம் ஏப்ரல் 30-ம் தேதி சர்வீஸிலிருந்து ரிட்டயர் ஆனார். சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சத்தியன் இருந்திருந்தா நேத்தோட அறுபது ஆயிருக்கும், மக்கா" என்றார்.