ஒரு சிட்டிகை மருந்து

தீபாவளி சமயத்தில் சின்னப் பிள்ளைகள் கையில் பொம்மைத் துப்பாக்கி இல்லாத தெரு உண்டா? சிவப்பு ரோலை மாட்டி, விசையை இழுத்தால் 'டப்'! அந்த ரோலில் உள்ள பொட்டு ஒவ்வொன்றும் ஒரு மிளகு அளவுகூட வராது. ஆனால் அந்தப் பொட்டுக்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. கதைக்கு தோவாளையிலிருந்தே கிளம்பலாம்.

தோவாளை என்றதும் எல்லோருக்கும் பூச்சந்தைதான் ஞாபகம் வரும். அங்கிருந்து திருநெல்வேலி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஆரல்வாய்மொழி கணவாய். இன்றைக்குக் காற்றாலைகள் சுற்றும் இந்தப் பக்கம்தான் அன்றைய திருவிதாங்கூரின் வாசல். மலையிலிருந்து கடற்கரை வரை மதில் கட்டிக் காவல் வைத்திருந்தார்கள். 1809 பிப்ரவரி 10 அன்று, வேலுத்தம்பி தளவாயின் படை காத்து நின்ற அந்த மதிலை கம்பெனிப் படை பிடித்தது. தளபதி செயின்ட் லெஜர். முந்தின இரவே மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு கூட்டம் தெற்குப் பக்க மலையில் இருட்டில் ஏறிவிட்டது.

அந்தச் சிப்பாய்களின் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதைச் சுடுவது லேசான வேலை இல்லை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். ஒரு சிட்டிகை மருந்தை, துப்பாக்கியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதி மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளிக் கம்பியால் இடிக்க வேண்டும். குதிரையில் கவ்வியிருக்கும் கல், இரும்பில் உரசிப் பொறி கிளப்பும். கிண்ணியில் பிடித்த தீ, ஒரு சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போனால்தான் குண்டு கிளம்பும்.

ஈரம் பட்டாலோ காற்று அடித்தாலோ, அந்தச் சிட்டிகை மருந்து போச்சு! துளை அடைத்தாலும் அதே கதிதான். அதனால் சிப்பாய் தன் வாரில் இரண்டு சாமான்களைத் தொங்கவிட்டிருப்பான். ஒன்று துளையைக் குத்தி விடும் கம்பி, இன்னொன்று கிண்ணியைத் துடைக்கும் சின்ன பிரஷ். எதிரி முன்னால் நிற்கும்போது அவன் உயிரைக் காத்தது இந்தக் கம்பியும் பிரஷும்தான்.

இதில் வேதனையான விஷயம், இதற்கு மாற்று வழி அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார். வேட்டைப் பிரியர். கிண்ணியில் தீ தெரிந்ததுமே பறவைகள் உஷாராகிப் பறந்துவிடுவதால், அடித்தாலே வெடிக்கும் மருந்தை வைத்து ஒரு விசை செய்தார். லண்டன் கோபுரத்தில் இடம் கொடுத்து அவரை ஆதரித்தவர் மொய்ரா பிரபு. அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த சாதம் பிரபுவோ, மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார். ஃபோர்சைத் சும்மா இருக்கவில்லை. 1807 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். பதினான்கு வருஷம் வேறு யாரும் அதைத் தொட முடியவில்லை. அந்த மொய்ரா பிரபுதான் 1813-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கே வந்தார்!

காப்புரிமை முடிந்த பிறகும் ராணுவம் அவசரப்படவில்லை. 1834-ல் வுல்விச்சில் சோதனை வைத்தார்கள். ஆளுக்கு 6000 ரவுண்டு. சக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது. செம்புக் கேப்பு வைத்த துப்பாக்கி 36 தடவைதான். அதற்கு மேல் பேச்சு எதற்கு?

1866 வாக்கில் கேப்பு தோட்டாவின் அடியிலேயே போய் உட்கார்ந்தது. அமெரிக்கர் பெர்டன் ஒரு விதமாகவும் ஆங்கிலேயர் பாக்ஸர் இன்னொரு விதமாகவும் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பாக்ஸருடையது அமெரிக்காவிலும் பெர்டனுடையது ஐரோப்பாவிலும் நிலைத்தது. பாக்ஸர் தோட்டாவில் நடுவில் ஒரே துளை. ஊசியால் ஒரு தட்டுத் தட்டினால் பழைய கேப்பு கழன்றுவிடும். சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பும் அமெரிக்கப் பழக்கத்துக்கு அது தோதாகிப் போனது. கேப்பை உள்ளே அமுக்க, கைக்கு அடக்கமான கருவிகள் அங்கே கடையிலேயே கிடைக்கின்றன. ஆனால் நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

மதில், மலை, ஆயிரக்கணக்கான ஆட்கள் என்று பெரிய கணக்கு போட்டுத்தான் போருக்குப் போகிறார்கள். கடைசியில் ஒவ்வொருவன் உயிரும் ஒரு சிட்டிகை மருந்து நனையாமல் இருப்பதில் நின்றது. அடுத்த தடவை ஆரல்வாய்மொழியில் பஸ் ஜன்னல் வழியே முகத்தில் காற்று அடிக்கும்போது, அந்தக் கிண்ணியைக் கையால் பொத்திக்கொண்டு மலையேறியவனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.